வெறும் வலையை அலசுகிறவர்கள்



இந்த வாரம் டென்னிஸ் விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் சிலர் வியப்படையலாம். நம் இராமநாதபுரம் கடற்கரையில் கிரிக்கெட்டுக்கு இருக்கும் ஆர்வத்தில் நூறில் ஒரு பங்குகூட டென்னிசுக்கு இல்லை. ஆயினும், அந்த விளையாட்டை நம்பிப் பிழைக்கிறவர்களைக் குறித்து ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு: "அவருக்கு ஒரு நல்ல போட்டி அமைந்தால் போதும், இந்த ஆண்டு தப்பித்துவிடும்." இந்தப் பேச்சு நமக்குப் புதிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, இராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சுதான் அது. "தடை முடிந்து முதல் மீன்பாடு நன்றாக அமைந்துவிட்டால் போதும், கடனெல்லாம் தீர்ந்துவிடும்" என்கிறோம்.

ஒரே ஒரு நல்ல போட்டி ஒருவருடைய ஆண்டை மீட்டுவிடுமா? அந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு? ஆட்டக்காரர் சிலருடைய வாழ்விலிருந்து இதைச் சிந்திப்போம்.

முதலில் அந்தத் தொழிலின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. கிரிக்கெட் வீரருக்கு அணி உண்டு. ஒப்பந்தமும் ஊதியமும் உண்டு. தனிநபர் டென்னிஸ் ஆட்டக்காரரோ சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவரைப் போன்றவர். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளருக்கு ஊதியம், உடற்பயிற்சி மருத்துவருக்கு ஊதியம் எல்லாம் அவர் கையிலிருந்தே போகவேண்டும். டீசலும் ஐஸும் கடனுக்கு வாங்கிக் கடலுக்குப் போகும் படகுக்காரர், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் கடனைக் கட்டியே ஆகவேண்டும் அல்லவா? அப்படியே முதல் சுற்றில் தோற்றவருக்கும் செலவு செலவுதான்.

அதற்கு மேல் தரவரிசை என்ற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு போட்டியிலும் எவ்வளவு தூரம் முன்னேறினார் என்பதைப் பொறுத்துப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. கிராண்ட்ஸ்லாம் என்னும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை வெல்பவருக்கு 2000 புள்ளிகள். அதிலேயே முதல் சுற்றில் தோற்பவருக்கு 10 புள்ளிகள். ஆனால் இந்தப் புள்ளிகள் 52 வாரங்களுக்கு மட்டுமே கணக்கில் நிற்கும். ஓராண்டு நிறைந்ததும் அவை உதிர்ந்துபோகும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் வென்றவர் இவ்வாண்டும் வென்றால்தான் இருந்த இடத்தில் இருக்கமுடியும். ஆண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு கிராண்ட்ஸ்லாம் போட்டிக்கு 128 பேர் களமிறங்குகின்றனர்; அவர்களில் 104 பேர் தரவரிசையைக் கொண்டு நேரடியாக நுழைகிறார்கள். ஏறத்தாழ நூறாவது இடம் என்பது அவர்களுக்கு ஒரு கரை. அதற்கு மேலே இருப்பவருக்கு முதல் சுற்றில் தோற்றாலும் ஆண்டுச் செலவில் பெரும்பகுதிக்கு வழி கிடைக்கும். அதற்குக் கீழே இருப்பவர் சின்னஞ்சிறு போட்டிகளில் நாடு நாடாக அலையவேண்டும்.

அரியானா மாநிலத்து ஜஜ்ஜரைச் சேர்ந்த சுமித் நாகல் அந்தக் கரையை நோக்கிப் பல ஆண்டுகள் நீந்தியவர். 2019இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் ரோஜர் ஃபெடரருக்கு எதிராக முதல் செட்டை வென்று பேர் பெற்றார். 2021 இறுதியில் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தரவரிசையில் 500க்கும் கீழே சரிந்தார். 2023 செப்டம்பரில் செய்தியாளரிடம் பேசும்போது, ஆண்டின் தொடக்கத்தில் தம் வங்கிக் கணக்கில் என்ன இருந்ததோ அதுவே இப்போதும் இருக்கிறது, 900 யூரோ, என்று கூறினார். அன்றைய மதிப்பில் அது ஒரு லட்சம் ரூபாய்க்கும் குறைவு. அப்போது ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் முதன்மை ஆட்டக்காரர் அவர்தாம். ஆண்டு முழுவதும் ஊர் ஊராக ஆடிப் பெற்ற பரிசுப் பணம் அத்தனையும் அடுத்த போட்டிக்குப் போகவே செலவாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 2024 ஜனவரியில் மெல்போர்ன் நகரில் தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களை வென்று ஆஸ்திரேலிய ஓப்பனின் முதன்மைச் சுற்றுக்குள் நுழைந்தார். அங்கே தர நிர்ணயத்தில் 31ஆம் இடத்தில் இருந்த கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் போட்டியில் தர நிர்ணயம் பெற்ற ஒருவரை இந்திய ஆண் ஆட்டக்காரர் ஒற்றையரில் வென்றது 35 ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான். அதற்கு முன் 1989இல், அதே மெல்போர்னில், அன்றைய உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான மாட்ஸ் விலாண்டரை நம் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் வென்றிருந்தார். இரண்டாம் சுற்றில் நாகல் தோற்றார். ஆயினும் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், அதாவது ஏறத்தாழ 98 லட்சம் ரூபாய், அவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த சேலஞ்சர் போட்டியின் இறுதியாட்டத்தில் இத்தாலியின் லூகா நார்டியை 6-1, 6-4 என வென்று பட்டம் பெற்றார். தரவரிசையில் 98ஆம் இடம். கரை ஏறிவிட்டார்.

ஆகவே, ஒரு நல்ல போட்டி ஒருவரை மீட்பது உண்மைதான். அதை நான் மறுக்கமாட்டேன். தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போன படகுகள் இறால் நிறைய வந்து நிற்கும்போது, ஏலம் கூறும் இடத்தில் நம் மக்களின் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர் எவரும் மறுக்கமாட்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 ஜூலையில் 68ஆம் இடம் வரை உயர்ந்த நாகல், 2025 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனின் முதல் சுற்றிலேயே தோற்றார். 52 வாரங்கள் நிறைந்தன. மெல்போர்னில் பெற்ற புள்ளிகள் உதிர்ந்தன. சென்னையில் பெற்ற புள்ளிகளும் உதிர்ந்தன. அவ்வாண்டின் நடுவில் 300ஆம் இடத்துக்கும் கீழே இறங்கிவிட்டார். மறுபடியும் அதே பேச்சு தொடங்கிற்று: "ஒரு நல்ல போட்டி அமைந்தால் போதும்."

பிரியமானவர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். ஒரு போட்டி மீட்டுத் தந்த ஆண்டு ஓராண்டுக்கு மட்டுமே மீட்கப்படுகிறது. முதல் மீன்பாட்டில் அடைத்த கடன், அடுத்த தடைக்காலத்தில் மீண்டும் வந்து வாசலில் நிற்கிறது. பெரிய வெற்றி ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாழ்கிறவர், அது வராதவரை தாம் இன்னும் வாழவே தொடங்கவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். வந்தபின்போ, அது போய்விடுமே என்று அஞ்சுகிறார். இரண்டு நிலையிலும் அவருக்குச் சமாதானம் இல்லை.

சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் வாழ்வு வேறொரு பாடம் தருகிறது. முழங்கால் எலும்பில் ஏற்பட்ட முறிவுகளால், ஓர் ஆட்டக்காரருக்குச் சிறந்ததான இளமைக் காலத்தின் பல ஆண்டுகளை அவர் இழந்தார். அவரோடு தொடங்கியவர்கள் மேலே போய்விட்டார்கள். 2018இல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 28. 2019 பிப்ரவரியில் முதன்முறையாக முதல் 100 இடங்களுக்குள் நுழைந்தார்; அதே ஆண்டு ஏப்ரலில் 75ஆம் இடத்தை அடைந்தார்; அவ்வாண்டின் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் முதன்மைச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2024 நவம்பரில், 35 வயதில், ஓய்வை அறிவித்தார். பெரிய பட்டம் ஏதும் அவர் அலமாரியில் இல்லை. என்றாலும், நடக்கவே சிரமப்படவைத்த முழங்காலோடு ஆண்டுக்கணக்கில் மருத்துவமும் பயிற்சியுமாய்க் காத்திருந்து, உலகின் முதல் நூறு பேரில் ஒருவராக எழுந்து நின்ற அந்த மனிதரை வெற்றி பெறாதவர் என்று யார் சொல்லத் துணிவார்?

வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரையும் நினைத்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் ஆந்த்ரே அகாசி உலகின் முதல் இடத்தில் இருந்தவர். 1997 நவம்பரில் 141ஆம் இடத்துக்குச் சரிந்தார். அவருடைய பெயருக்குப் பெரிய போட்டிகள் வாசலைத் திறந்திருக்கும். அவரோ, அரங்கில் சிலரே அமர்ந்திருந்த சேலஞ்சர் போட்டிகளுக்கு இறங்கிப் போனார். லாஸ் வேகாஸில் தம் சொந்த ஊர் மக்கள் முன்னிலையில், பெயர் தெரியாத ஒருவரிடம் இறுதியாட்டத்தில் தோற்றார். அடுத்து வேறொரு சிறு போட்டிக்குப் போனார், அதில் வென்றார். 1998 இறுதியில் 6ஆம் இடம். 1999இல் பிரெஞ்சு ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும் அவருடையவை. உலகம் பாரீஸ் நகரத்து வெற்றியை நினைவில் வைத்திருக்கிறது. அந்த வெற்றியின் வேர் லாஸ் வேகாஸின் தோல்வியில் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

வேதத்தில் இதற்கு இணையான ஒரு காட்சியை லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். கெனேசரேத்துக் கடலோரம். இரவெல்லாம் பாடுபட்டும் பேதுருவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நாம் வழக்கமாகப் படவு நிறைந்த மீன்களைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்தப் பகுதியை மெதுவாக வாசித்தால் மூன்று காரியங்கள் நம் கண்ணில் படும்.

முதலாவது, இயேசு அங்கே வந்தபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். மீன் படாத வலையிலும் பாசியும் சேறும் சிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒன்றும் கிடைக்காத இரவுக்குப் பிறகு, தூக்கம் கண்ணை அழுத்தும்போது, வெறும் வலையை உட்கார்ந்து அலசுவது கடினமான வேலை. அதைப் பார்த்துக் கைதட்டுவார் இல்லை. ஆனால் அன்று அலசாமல் சுருட்டிப் போட்டிருந்தால், ஆண்டவர் சொன்னபோது ஆழத்திலே போட அவர்களிடம் ஆயத்தமான வலை இருந்திராது. முழங்காலுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த பிரஜ்னேஷும், வெறிச்சோடிய அரங்கில் ஆடிக்கொண்டிருந்த அகாசியும் வெறும் வலையை அலசியவர்களே.

இரண்டாவது, மீன் பட்டபோது பேதுரு தனியாக அதை இழுக்கமுடியவில்லை. வலை கிழியத் தொடங்கிற்று. மற்றப் படவில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டி அழைத்தார்கள். வெற்றியைச் சுமக்கவும் துணை வேண்டியிருந்தது. வெறுமையான இரவிலும் அதே கூட்டாளிகள்தாம் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. மீன் பட்ட பிறகு தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்ட கூட்டாளிகள் அல்லர் அவர்கள்.

மூன்றாவது, தங்கள் வாழ்நாளிலேயே பெரிய மீன்பாட்டைப் பெற்ற அந்த நாளில், அவர்கள் படவுகளைக் கரைசேர்த்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே சென்றார்கள். எந்தப் பெரும் பிடிப்புக்காக ஆயுளெல்லாம் காத்திருந்தார்களோ, அது கைக்கு வந்த அன்றே, அதைவிட மேலான ஒன்றைக் கண்டுகொண்டார்கள். தேவன் நம்மைப் புள்ளிக் கணக்கால் அளப்பதில்லை. அவருடைய கிருபை 52 வாரங்களில் காலாவதியாவதும் இல்லை. இதை அறிந்தவரால் வெற்றியைக் கையில் இறுக்கிப் பிடிக்காமல் பெற்றுக்கொள்ள முடியும். தோல்வியில் நொறுங்காமல் நிற்கவும் முடியும்.

இப்போது என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லுகிறேன். நம் சபைகளில் "இது உங்கள் திருப்புமுனை ஆண்டு" என்னும் செய்தி அளவுக்கு மிஞ்சி ஒலிக்கிறது. ஆண்டின் முதல் ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற விசுவாசி, அந்த ஒரு பெரிய நாளுக்காகவே காத்திருக்கப் பழகிவிடுகிறார். சாட்சி சொல்லும் வேளையில் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், தேர்வில் வென்ற பிள்ளையின் தாய். இரண்டாம் முறையும் நீட் தேர்வில் தவறிய பிள்ளையின் தாய் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். மகனுக்கு அரசு வேலை கிடைக்கவில்லை என்பதால் ஆராதனைக்கே வரக் கூசுகிற தகப்பன்மார் உண்டு. வெற்றி பெற்றவருக்கு மட்டும் ஒலிபெருக்கி கொடுக்கிற சபை, தரவரிசைப் பட்டியல் வைத்திருக்கிற சபைதான். அந்தப் பட்டியல் சுவரில் ஒட்டப்படவில்லை; அவ்வளவே வேறுபாடு.

"அப்படியானால் பெரிய காரியங்களை எதிர்பார்த்து ஜெபிக்கக் கூடாதா, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக ஜெபியுங்கள். படகு நிறைய மீன் கேட்பது பாவம் அன்று. மெல்போர்னில் வெல்ல விரும்பியதும் பாவம் அன்று. என் கவலை வேறு. பெரிய நாளுக்காக மட்டும் ஜெபித்துவிட்டு, நடுவிலுள்ள நாட்களில் அயலாரைத் தனியே விட்டுவிடுகிறோமே என்பதுதான். 900 யூரோ மட்டுமே கையில் இருந்த நாகலைக் காட்டிலும், பட்டம் வென்ற நாகலைச் சூழ்ந்து நின்றவர்கள் பலர். மாலை போடுவதற்கு வருகிற கூட்டம், விமானச் சீட்டு வாங்க வேண்டியிருந்தபோது எங்கே இருந்தது?

நம் கரைக்கு வருவோம். தடைக்கால நிவாரணத்தை 5000 ரூபாயிலிருந்து 8000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். அது நன்மையே. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது போதாது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கின்றன. சீருடைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். முதல் மீன்பாட்டுக்கு முன்னமே அந்தச் செலவு வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் வட்டிக்குக் கடன் நுழைகிறது. தாயின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. அதன்பின் முதல் மீன்பாடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிறர் கைக்குப் போய்விடுகிறது.

ஆகையால் சபையார் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, ஜூன் மாதத்து அறுப்பின் ஸ்தோத்திரக் காணிக்கைக்குக் காத்திராமல், மே மாதத்திலேயே வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைச் சபைக் குழு ஏற்படுத்தட்டும். மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் அதற்கு முன்கை எடுக்கட்டும். வாங்குகிறவருடைய பெயர் குழுவில் இருவருக்கு மேல் தெரியவேண்டாம். இரண்டு, சாட்சி வேளையில், இன்னும் விடை கிடைக்காதவர்களும் பேசட்டும். "இந்த மாதமும் ஒன்றும் அகப்படவில்லை, ஆனாலும் தேவன் எங்களைக் கைவிடவில்லை" என்பதும் சாட்சியே, என் எண்ணத்தில் அதுவே கனமான சாட்சி. மூன்று, தேர்வில் தவறிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, முடிவு வெளியான அந்த வாரத்திலேயே நம் மூப்பர்கள் போகட்டும். அறிவுரை சொல்ல வேண்டாம்; ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்தால் போதும்.

விளையாட்டின் பக்கம் இன்னொரு செய்தியும் உண்டு. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பைப் போட்டி நடந்தது. தரவரிசையில் வெகுவாகச் சரிந்திருந்த நாகல் அங்கே தம் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். முதன்முறையாக நாட்டுக்காக ஆடிய நம் தமிழகத்தின் தட்சிணேஸ்வர் சுரேஷ், தரவரிசையில் 600க்கும் கீழே இருந்தவர், தம்மைவிடப் பல நூறு இடங்கள் மேலே இருந்த ஒருவரை வீழ்த்தினார். இந்தியா 3-1 என வென்றது. தனித்தனியே அவர்களுக்கு அது நல்ல ஆண்டாக இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு நாட்களில் அவர்கள் தனியாக ஆடவில்லை. ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் ஓரத்தில் அமர்ந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்து நின்றார்கள். சபை என்பது அந்த ஓரத்து நாற்காலி வரிசையாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த வாரம் உங்களில் யாருக்கு வலை வெறுமையாக இருக்கிறதோ, அவர்கள் அதை அலசி வையுங்கள். பக்கத்துப் படவில் இருப்பவர்கள் வந்து கூட உட்கார்ந்து அலசுங்கள். நம் ஆண்டவர் வருகிற கரை அதுதான்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. ஆமென்.